“எனக்கு ஆட வராதே!”

சும்பா வகுப்புக்கு வாங்களேன் என்று யாரை அழைத்தாலும் வருகிற முதல் பதில் இதுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் நானும் இதையேதான் சொன்னேன். அவருக்கு 63 வயது. உன்னை யார் பார்க்கப் போகிறார்கள், எல்லாரும் பயிற்றுநரின் காலைத்தான் பார்ப்பார்கள் என்று சொல்லி, கையோடு அழைத்துப் போய்விட்டார்.

நான் போனதற்கு வேறு காரணமும் உண்டு. அப்பாவுக்கு நீரிழிவு, பெரியப்பாவுக்கும் நீரிழிவு. 41 வயதில் பலதுறை மருந்தகத்தில் எனக்கும் “அதன் வாசல் வரை வந்துவிட்டீர்கள்” என்றார்கள். மறுநாளே பூங்காவில் நடக்கத் தொடங்கினேன். முதல் வாரம் ஐந்து நாள், அடுத்த வாரம் இரண்டு நாள், அதற்கடுத்த வாரம் மழை. அவ்வளவுதான்.

சும்பா பிறந்த கதையே ஒரு மறதியின் கதை. 1990களில் கொலம்பியாவின் காலி நகரில் ஏரோபிக்ஸ் சொல்லிக்கொடுத்த பெட்டோ பெரெஸ், ஒருநாள் வகுப்புக்குரிய இசையைக் கொண்டுவர மறந்துவிட்டார். கையில் இருந்தவை அவர் விரும்பிக் கேட்கும் சால்சா, மெரெங்கே பாடல்கள். அவற்றைப் போட்டே வகுப்பை நடத்தி முடித்தார். பின்னர் அமெரிக்காவுக்குப் போய், 2001ல் இருவருடன் சேர்ந்து அதை நிறுவனமாக்கினார். இன்று நம் சமூக மன்றத்துக்கும் வந்துவிட்டது.

ஆட வராதவர்களுக்கு என் யோசனை, மெரெங்கேயில் தொடங்குங்கள். நின்ற இடத்தில் அணிவகுப்பு நடை போடுவதுதான் அது, இடுப்பு மட்டும் கொஞ்சம் சேர்ந்து அசையும். சால்சாவில் எட்டு எண்ணிக்கை. ஒன்று, இரண்டு, மூன்றில் அடி வைத்து நான்கில் நிறுத்த வேண்டும். ஐந்து, ஆறு, ஏழில் வைத்து எட்டில் நிறுத்த வேண்டும். ஆதி தாளம் போட்டுப் பழகிய நமக்கு எட்டு என்ன பெரிய கணக்கா என்று நினைத்தேன். அந்த நான்காவது எண்ணிக்கையில் காலை நிறுத்த எனக்கு இரண்டு மாதம் பிடித்தது! அதுவரை எல்லாரும் வலப்பக்கம் போனால் நான் இடப்பக்கம்.

பிசகினால் பரவாயில்லை, நின்றுவிடாதீர்கள். தொடையும் இடுப்பும் உடலின் பெரிய தசைகள். அவை வேலை செய்யும்போது இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. அடி சரியா தவறா என்று தசைக்குத் தெரியாது. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆடும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம்.

என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓடுவதற்கு வாங்கிய காலணியோடு போனேன். அதன் அடிப்பகுதி தரையை இறுகப் பிடித்துக்கொள்ளும். உடல் திரும்பியது, பாதம் திரும்பவில்லை, முழங்கால் வாங்கிக்கொண்டது. மூன்று வாரம் ஓய்வு. சுழன்று ஆட, அடிப்பகுதி வழவழப்பான காலணிதான் சரி. முழங்கால் வலி உள்ளவர்கள் குதிக்காமலே ஆடலாம். முன்கூட்டியே சொன்னால் பயிற்றுநர் மாற்று அசைவு காட்டுவார். இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டாம், பையில் ஒரு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

கடைசியாகப் பார்த்தபோது என் சர்க்கரை அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது. இரவுச் சோற்றையும் குறைத்திருந்தேன் என்பதால் பெருமை முழுவதையும் சால்சாவுக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் நடைப்பயிற்சியை மூன்றாவது வாரத்தில் விட்டவள் இரண்டு ஆண்டுகளாக இதை விடவில்லை.

வீட்டில் இன்னொருவர் இருக்கிறார். போன மாதப் பரிசோதனையில் அவருடைய அளவு என்னுடையதைவிட அதிகம். கல்யாண வீட்டில் டப்பாங்குத்துப் பாட்டு ஒலித்தால் முதலில் இறங்குகிறவர். சும்பாவுக்குக் கூப்பிட்டால் மட்டும், “எனக்கு ஆட வராதே!”

வரும் புதன்கிழமை வகுப்புக்கு அவர் பெயரையும் பதிந்துவிட்டேன். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.