தொண்ணூறு நாளும் ஐந்தாம் பிரிவும்

இந்தக் கிழமை முழுக்க எனக்குக் கோபம். காரணம் 90 என்ற எண்.

அக்கா ஸ்கார்பரோவில் நெடுங்காலம் தொழிற்சாலை வேலை செய்து இப்போதுதான் ஓய்வெடுத்திருக்கிறா. வரும் கோடையில் ஐரோப்பாவுக்குப் போய், சிதறிப்போன சகோதரங்களோடு ஆளுக்கு இரண்டு மாதம் இருந்துவிட்டு வரவேணும் என்பது அவவின் ஆசை. பெரியண்ணா பாரிசில், தங்கச்சி ஜேர்மனியில், கடைசித் தம்பி சூரிச்சில். கனடியக் கடவுச்சீட்டு என்பதால் விசா வேண்டாம். ஆனால் தங்கும் நாட்களுக்குக் கணக்கு உண்டு. “தம்பி, மூன்று நாட்டுக்கும் சேர்த்தோ தொண்ணூறு?” என்று கேட்டா. ஓம் அக்கா, ஷெங்கன் என்ற கூட்டிலுள்ள இருபத்தொன்பது நாட்டுக்கும் சேர்த்துத்தான்.

1985 ஜூன் 14 அன்று, லக்சம்பேர்க்கின் ஷெங்கன் என்ற சின்ன ஊருக்கு அருகே, மோசல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில், தமக்கிடையே எல்லைச் சோதனையைப் படிப்படியாக நீக்குவதென்று ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. 1995இல் எல்லைச் சோதனைகள் நீங்கத் தொடங்கின. அதனால் நாங்கள் கண்ட நன்மையை மறுக்கமாட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் ஒரு தாய் முன்பு நாட்டுக்கு நாடு விசாவுக்கு அலையவேண்டியிருந்தது. இன்று ஒரே விசாவில் பாரிசின் லாச்சப்பலில் மரக்கறி வாங்கிவிட்டு ரயிலேறி சூரிச்சுக்குப் போய்ப் பேரப்பிள்ளையைத் தூக்கலாம்.

ஆனால் எல்லைக் கோட்டை அழித்தவர்கள் தங்களுக்கிடையில்தான் அழித்தார்கள். வெளியாளுக்கு அத்தனை நாடுகளும் ஒரே நாடாகிவிட்டன. எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான். 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாக விரலடையாளமும் முகப்படமும் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். நாட்களை இனி இயந்திரமே எண்ணும். லண்டன் இந்தக் கணக்கில் இல்லை, அங்கே கனடியர் ஆறு மாதம்வரை தங்கலாம். அதனால் என்ன, அக்காவுக்கு லண்டனில் ஒருவரும் இல்லையே. சகோதரங்களை நான்கு நாடுகளுக்குத் துரத்திய காலம் எவரையும் கேட்டு நாடு பிரித்துக் கொடுக்கவில்லை.

ஷெங்கனைப் பற்றியே எழுதி முடிக்கத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை, மனம் விசா கேட்காத இன்னொரு எல்லைக்கு, பாக்குநீரிணைக்குப் போய்விட்டது. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு 1974 கச்சதீவு ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவில் எனக்குள்ள பிடிப்புத் தெரியும். அந்த ஆண்டு ஜூன் மாதம் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்திரா காந்தியும் ஒப்பமிட்ட ஒப்பந்தம் அது. தீவு இலங்கையின் பக்கம் போனதைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை பிடிக்கிறார்கள். ஐந்தாம் பிரிவை யார் வாசிக்கிறார்கள்? இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே கச்சதீவுக்குப் போய்வரலாம், அதற்காக இலங்கை அவர்களிடம் பயண ஆவணமோ விசாவோ கேட்காது என்கிறது அது. ஷெங்கன் கப்பலுக்குப் பதினொரு ஆண்டு முன்பு, தமிழர் நடமாடும் கடலில் 285 ஏக்கர் தீவு ஒன்றுக்காக எழுதப்பட்ட ஏற்பாடு. குடியிருப்போர் யாரும் இல்லாத அந்தத் தீவில் அந்தோனியார் கோயில் ஒன்று இருக்கிறது. மாசி, பங்குனியில் திருவிழா வந்தால் இராமேசுவரத்துப் படகுகளும் யாழ்ப்பாணத்துப் படகுகளும் அங்கே கூடுகின்றன.

“முன்போலவே” என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் பெரிய கதை உண்டு. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபிறகு சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே ரிக்கற்றில் போட் மெயிலில் போக முடிந்தது. நடுவில் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். இலங்கையின் குடிவரவுச் சட்டம் 1948இல் வரும்வரை கடவுச்சீட்டு என்ற பேச்சே இல்லை. அதை ஒரு பொற்காலமாக நான் சொல்லவரவில்லை. இலங்கைக்குப் போன தோட்டத் தொழிலாளரை மண்டபம் முகாமில் அடைத்துவைத்துச் சோதித்துத்தான் கடல் கடக்க விட்டார்கள். கடவுச்சீட்டு இல்லாத அந்தக் கடலிலும் ஆளுக்கொரு விதி இருந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது, அங்கிருந்து புறப்பட்ட போட் மெயில் கப்பலும் நின்றது. போர் வந்து திருவிழாவையும் தடுத்தது. பிறகு திருவிழா மீண்டது. இப்போதும் இராமேசுவரத்தார் முன்கூட்டியே பெயர் கொடுத்து, அடையாள அட்டை காட்டிப் படகேறுகிறார்கள். கடவுச்சீட்டு இல்லை. 2024இல் மீனவர் கைதுகளை எதிர்த்து அவர்களே திருவிழாவைப் புறக்கணித்தார்கள். அந்தக் காயம் ஆறாமல் அந்தக் கடலில் எதுவும் சீராகாது.

இங்கே ரொறன்ரோவில் அந்தக் கடலின் இரு கரையாரும் உண்டு: நெடுந்தீவார் இருக்கிறார்கள், இராமநாதபுரத்தாரும் இருக்கிறார்கள். கனடியக் கடவுச்சீட்டோடு இராமேசுவரத்தில் போய் நின்றால் நாங்கள் இந்திய மீனவருமில்லை, இந்திய யாத்திரிகருமில்லை. எங்களுக்காக அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. ஐரோப்பாவில் அக்காவுக்கு உள்ள நிலைதான் பாக்குநீரிணையிலும் எங்களுக்கு. அயலவர் இருவர் தமக்குள் பேசி வைத்த ஏற்பாட்டில் மூன்றாம் ஆள் எப்போதும் வெளிநாட்டுப் பயணி.

எங்களுக்காவது விமானமும் விசாவும் உண்டு, சுற்றிப்போய்ச் சேரலாம். இதே மண்டபத்தில் இன்றும் ஈழத் தமிழ் அகதிகளுக்கான முகாம் இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றவர்களும் இருக்கிறார்கள். இந்தியக் குடியுரிமை இல்லாததால் அவர்களும் அந்தப் பிரிவு சொல்லும் “இந்திய யாத்திரிகர்” அல்ல. பக்கத்துத் துறையிலிருந்து திருவிழாப் படகு புறப்படும். யாழ்ப்பாணத்துப் படகில் வரக்கூடிய தமையனையோ தங்கையையோ அந்தத் தீவில் இரண்டு நாள் பார்ப்பதற்கு அவர்களுக்கு அந்தப் பிரிவில் உரிமை எழுதப்படவில்லை.

டில்லியும் கொழும்பும் கச்சதீவைப் பற்றி மறுபடி பேசும் நாள் வரும். தீவு யாருக்கு என்பதோடு நிறுத்தாமல் ஐந்தாம் பிரிவையும் எடுத்து வாசியுங்கள். திருவிழாவின் இரண்டு நாளுக்கு முகாமில் உள்ளவர்களின் அகதி அட்டையே போதும் என்று அதில் ஒரு வரி சேருங்கள். கனடாக்காரரைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.