பிழைச்செய்திக்கு ஓர் உரை

வடுகபட்டி என்றதும் இலக்கிய வாசகர்களுக்குத் திரைப்பாடலாசிரியர் ஒருவரின் பெயர் நினைவுக்கு வரக்கூடும். பெரியகுளம் வட்டாரத்து மக்களுக்கோ அது பூண்டு மண்டிகளின் ஊர். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு மூட்டை மூட்டையாக இறங்கி விலை பேசப்படும் இடம். அந்த மண்டித் தெருவுக்குப் பின்னாலுள்ள ஒரு வீட்டின் திண்ணையில் அமர்ந்து, சென்ற ஆண்டு மூன்று மாலைப்பொழுதுகளை ஒரு பழைய மடிக்கணினி வெளியிட்ட பிழைச்செய்திகளைப் படிப்பதில் நாம் கழித்தோம். தமிழ் கற்பிப்பவருக்கு அங்கே என்ன வேலை என்று நண்பர்கள் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

நம்மிடம் முதுகலை பயின்ற மாணவர் ஒருவர் பூண்டு ஆயும் பெண்களின் பாடல்களையும் பேச்சு வழக்குகளையும் தொகுத்து வருகிறார். இரண்டாண்டுகளாகச் சேர்த்த ஒலிப்பதிவுகளும் எழுத்துப்படிகளும் ஒரே கணினியில் இருந்தன. யாரோ பயன்படுத்திக் கைமாற்றிவிட்ட கணினி. அதில் லினக்ஸ் இயங்கிக்கொண்டிருந்தது. காலையில் இயக்கினால் நண்பகல்வரை நன்றாகத்தான் இருக்கும். பிறகு இணைய இணைப்பு அறுந்துபோகும். சற்று நேரத்தில் திறந்துவைத்த உலாவி தானாகவே மூடிக்கொள்ளும். இறுதியில் கணினியே அசைவற்று நின்றுவிடும். பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோயிருக்கிறார். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "நெட்வொர்க் டிரைவர் போயிருச்சு தம்பி. லினக்ஸுன்னா இப்படித்தான். எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுத் தாரேன்" என்றாராம். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மறுநாள் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டு திரும்பியவர், தற்செயலாக நம்மிடம் இதைச் சொன்னார். முதல் வேலையாக எல்லாவற்றையும் வேறொரு வட்டில் நகலெடுக்கச் செய்தோம். அதன்பிறகுதான் அந்த "இப்படித்தான்" என்னும் சொல் நம்மை உறுத்தத் தொடங்கியது.

கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழ்நாட்டில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. 2005இல் சென்னையில் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் தொடங்கப்பட்டது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் என்னும் இந்திய இயங்குதளம் 2007இல் வெளிவந்தது. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் அவற்றில் இடம்பெற்றது. இவையெல்லாம் நல்ல முயற்சிகள். ஆயினும் கட்டற்றது என்பதை நம்மவர் பெரும்பாலும் காசில்லாதது என்றே புரிந்துகொண்டோம். பழுது நேரும்போது அதன் மூலத்தைத் தேடிச்சென்று படிக்கலாம் என்பதே அதன் தலையாய உரிமை. அந்த உரிமையைப் பயன்படுத்தும் பழக்கத்தை நாம் யாருக்கும் கற்றுத்தரவில்லை. படிக்கப்படாத நூல் அலமாரியில் இருந்தென்ன, இல்லாமற் போனால்தான் என்ன?

கெர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு. வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கும் இடையில் நின்று நினைவகத்தையும் நேரத்தையும் பங்கிட்டுக் கொடுப்பது அதுவே. வலையட்டை, ஒலியட்டை முதலியவற்றோடு பேசும் இயக்கிகள், அதாவது டிரைவர்கள், பெரும்பாலும் அந்தக் கருவுக்குள்ளேயே இயங்குகின்றன. உலாவியில் கோளாறு நேர்ந்தால் உலாவி மட்டும் சாகும். இயக்கியில் கோளாறு நேர்ந்தால் வீடு முழுவதும் ஆட்டம் காணும். இயக்கியும் கெர்னலும் ஒரே நினைவகத்தைப் புழங்குவதே காரணம்.

முதல் மாலையில் 'டிமெசேஜ்' என்னும் கட்டளையை இட்டு, கெர்னல் எழுதிவைத்திருந்த நாட்குறிப்பைப் படித்தோம். ஒவ்வொரு வரியின் முன்னும், கணினி இயங்கத் தொடங்கியதிலிருந்து கழிந்த நொடிகள் குறிக்கப்பட்டிருக்கும். வலையட்டை பதில் தரவில்லை என்ற வரிகள் கடைசியில் இருந்தன. பழுது பார்த்தவர் பார்த்தது அவற்றைத்தான். அவற்றுக்கு வெகுமுன்பே, கேட்ட நினைவகப் பக்கங்களை ஒதுக்க முடியவில்லை என்ற வரிகள் வந்துவிட்டன. அதற்கடுத்து, நினைவகம் தீர்ந்துபோனதால் உலாவியைக் கொன்றுவிட்டதாகக் கெர்னலே தன் கையால் எழுதியிருந்தது. நினைவகம் அறவே இல்லாதபோது, மிகுதியாக இடம் பிடித்திருக்கும் நிரலைத் தேர்ந்து முடித்துவைப்பது கெர்னலின் கடைசி வழி. ஆகவே இணைப்பு அறுந்தது நோயன்று, நோயின் பிந்திய அறிகுறி என்பது வரிசையாகப் படித்த அளவிலேயே தெரிந்தது.

நினைவகத்தைத் தின்றது யார்? இரண்டாம் மாலையில் மாணவர் ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொண்டார். கெர்னல் தனக்காக எடுத்துக்கொண்டு திரும்பப் பெற இயலாமல் வைத்திருக்கும் நினைவகத்தின் அளவு, 'மெம்இன்ஃபோ' என்னும் கோப்பில் ஒரு தனி வரியாக இருக்கிறது. அதைக் கால்மணிக்கு ஒருமுறை குறித்துவந்தார். அந்த எண் ஏறிக்கொண்டே போயிற்று, ஒருமுறைகூட இறங்கவில்லை. இதைத்தான் நினைவகக் கசிவு என்கிறார்கள். மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளையாதலால் அவருக்கு விளக்குவது எளிதாயிற்று. சரக்குக் கட்ட மண்டியில் வெற்றுச் சாக்குகளை வாங்கிப்போகிறவர் வேலை முடிந்ததும் திருப்பித் தரவேண்டும். ஒருவர் திருடவில்லை, மறந்துவிடுகிறார். நாளுக்கு ஒரு சாக்கு. ஓராண்டில் மண்டியில் சாக்கே இராது. வலையிலிருந்து வந்துசேரும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் இயக்கி ஒரு சாக்கு கேட்கிறது. ஒன்றைத் திருப்பித்தர மறந்தாலும், நொடிக்கு நூற்றுக்கணக்கில் பொட்டலங்கள் வரும் இடத்தில் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று சொல்லவேண்டியதில்லை. கெர்னலின் சொந்த நினைவகத்தை வட்டுக்கு மாற்றிவைத்துச் சமாளிக்கவும் வழியில்லை.

மூன்றாம் மாலையில் வைஃபை இயக்கியை இறக்கிவிட்டு, கம்பிவழி இணைப்பில் மட்டும் கணினியை ஓடவிட்டோம். எண் அசையவில்லை. குற்றவாளி வைஃபை இயக்கியே என்பது உறுதியாயிற்று. மீண்டும் நாட்குறிப்பின் தொடக்கப் பக்கங்களுக்குப் போனபோது, நாம் இருமுறை தாண்டிச்சென்றிருந்த ஒரு வரி கண்ணில் பட்டது. கெர்னலின் மூலத்தொகுதியைச் சேராத, வெளியிலிருந்து வந்த ஒரு கூறு ஏற்றப்படுகிறது, அது கெர்னலைக் களங்கப்படுத்துகிறது என்பது அதன் பொருள். ஆம், களங்கம் என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லைத்தான் கெர்னல் ஆளுகிறது. முன்பு கணினியை வைத்திருந்தவரோ வேறெவரோ, எங்கிருந்தோ இறக்கிய இயக்கியை அதில் நிறுவியிருக்கிறார்கள். அதை நீக்கினோம். கெர்னலோடு வரும் இயக்கியையும் அதற்கு வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பையும் நிறுவினோம். மறுநாள் முழுவதும் அந்த எண் ஏறவில்லை.

ஆகவே பழுது பார்ப்பவர் சொன்னது சரிதானே, டிரைவர்தானே கெட்டிருந்தது என்று வாசகர் கேட்கலாம். அவர் குருட்டாம்போக்கில் சொன்னது சரியாக அமைந்தது. அப்படிச் சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2008இல் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் காட்டலாம். அவ்வாண்டு லினக்ஸ் கெர்னலின் 2.6.27ஆம் பதிப்பு சோதனையில் இருந்தபோது, இன்டெல் நிறுவனத்தின் சில வலையட்டைகள் திடீரென்று செத்துப்போயின. அட்டைக்குள் நிரந்தரமாகப் பதிந்திருக்கவேண்டிய செய்திகள் சிதைந்து, கணினியை அணைத்து மூட்டினாலும் உயிர்பெறாத நிலை. அந்த அட்டைகளை இயக்கிய இ-ஆயிரம்-இ என்னும் இயக்கியின்மேல் உலகமே பழி சுமத்திற்று. திரைவரைகலை இயக்கியையும் சிலர் ஐயுற்றனர். பல வழங்கல்கள் தம் சோதனைப் பதிப்புகளை நிறுவவேண்டாம் என எச்சரித்தன.

உண்மைக் குற்றவாளி வேறெங்கோ இருந்தது. கெர்னலின் செயல்பாடுகளைத் தடம்பற்றிப் பார்ப்பதற்கென்று புதிதாகச் சேர்க்கப்பட்ட எஃப்டிரேஸ் என்னும் கருவி, நிரல்வரிகளின் முகவரிகளைக் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு அங்கே போய்த் திருத்தம் எழுதும் வழக்கமுடையது. இடையில், தொடக்கப் பணி முடிந்த கூறுகளின் நினைவகத்தைக் கெர்னல் விடுவித்துவிடும். அந்த முகவரிகள் வேறொருவருக்கு ஒதுக்கப்படும். அப்படி ஒதுக்கப்பட்ட இடங்களில் ஒன்று வலையட்டையின் நிரந்தர நினைவகத்துக்கான வாசலாக அமைந்துபோயிற்று. எஃப்டிரேஸ் பழைய முகவரியை நம்பி அங்கே எழுதப் போயிற்று. இருப்பதை ஒப்பிட்டு, பொருந்தினால் மட்டும் மாற்றவேண்டும் என்பதுதான் அந்தக் கட்டளை. ஆனால் பொருந்தாதபோதும் படித்ததையே திரும்ப எழுதிவைப்பது செயலியின் வழக்கம். சாதாரண நினைவகத்தில் அதனால் கேடில்லை. வன்பொருளின் வாசலில் அது கேடாயிற்று. குடிமாறிப்போனவரின் பழைய முகவரிக்கு வந்த கடிதத்தைப் புதுக்குடித்தனக்காரர் பிரித்த கதை. 2008 அக்டோபரில் 2.6.27 வெளியானபோது அட்டைகளைக் காக்கும் திருத்தங்கள் சேர்க்கப்பட்டன. சில நாட்களில் வந்த 2.6.27.1 எஃப்டிரேஸின் அந்தப் பகுதியை முடக்கிவைத்தது.

வடுகபட்டியில் நினைவகப் பஞ்சத்துக்கு வலையட்டை இயக்கி காரணமாயிற்று. 2008இல் நினைவகக் குழப்பத்துக்கு வலையட்டை பலியாயிற்று. இரண்டிலும் பயனரின் முறையீடு ஒன்றே: நெட்வொர்க் வேலை செய்யவில்லை. எது காரணம், எது விளைவு என்பதைப் படித்துத்தான் அறியமுடியும். 2008இல் அதை அறியமுடிந்ததற்குக் காரணம், மூலநிரல் திறந்திருந்தது, வெவ்வேறு நிறுவனத்தார் ஒரே நிரலைப் படித்துத் தத்தம் ஐயங்களை வெளிப்படையாக எழுதினார்கள் என்பதே.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தப் பாதை புதிதன்று. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்பிட்டே பாடங்களைத் தேர்ந்தார். பொருள் முறியும் இடமும் பிழை புகுந்த இடமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பதை ஏட்டோடு பழகியவர் அறிவர். கெர்னல் வல்லுநர்களும் பிழையில்லாத பழைய பதிப்பையும் பிழையுள்ள புதிய பதிப்பையும் இரு எல்லைகளாக வைத்து, நடுப்பதிப்பைச் சோதித்து, மீண்டும் அதன் பாதியைச் சோதித்து, பிழை புகுந்த திருத்தத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆயிரம் திருத்தங்களுக்கு ஏறத்தாழப் பத்துச் சோதனைகள் போதும்.

இந்த இடத்தில் நம் துறையினர்மேல் ஒரு குறை சொல்லவேண்டியிருக்கிறது. கணினித்தமிழ் என்றால் கலைச்சொல் உருவாக்குவது என்று நினைத்து நெடுங்காலம் கழித்துவிட்டோம். டிரைவருக்கு இயக்கியா செலுத்தியா என்று கருத்தரங்குகளில் வழக்காடியவர்களுள் நாமும் ஒருவர். சொற்கள் வேண்டியவைதாம். ஆனால் சொற்பட்டியலை வைத்துக்கொண்டு எந்த மாணவரும் ஒரு பழுதைக்கூட நீக்கமாட்டார். அவருக்கு வேண்டியது உரை. இந்த வரி தோன்றினால் அதன் பொருள் என்ன, அதற்கு முன்னே எந்த வரியைத் தேடவேண்டும், எந்த எண்ணைக் குறித்துவரவேண்டும், எதை நிறுத்திப் பார்க்கவேண்டும் என்று, நிகழ்ந்த ஒரு பழுதை முன்வைத்து எழுதும் உரை. 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எளிதாக எழுதலாம் என்று காட்டியிருக்கிறது. ஊர்தோறும் நேரும் பழுதுகளை அவரவர் எழுதிவைக்கும் வழக்கம் அத்தகைய முயற்சிகளோடு சேரவேண்டும்.

சாதாரணப் பயனர் இதையெல்லாம் ஏன் படிக்கவேண்டும், மோட்டார் ஓட்டுபவர் என்ஜினைக் கழற்றவேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். எல்லோரும் படிக்கவேண்டியதில்லை. ஓர் ஊருக்கு ஒருவர் படித்தால் போதும். ஆனால் அந்த ஒருவர் இல்லாத ஊரில், எல்லாப் பழுதுக்கும் மருந்து அழித்துவிடுவது ஒன்றே என்றாகிவிடுகிறது. பிழைச்செய்திகள் ஆங்கிலத்தில்தான் வரும் என்பதும் உண்மை. அந்த ஆங்கிலம் நூறு சொற்களுக்குள் அடங்கும். அச்சத்தைப் போக்குவதற்குத்தான் தமிழ் வேண்டும்.

மாணவரின் கணினி இப்போது ஒழுங்காக ஓடுகிறது. அந்த நோட்டில் நேரமும் எண்ணும் குறித்த பக்கங்களுக்குப் பின்னால், நடந்ததையெல்லாம் அவர் தம் கையால் எழுதிவைத்திருக்கிறார். பழுது பார்ப்பவருக்கும் ஒரு படி கொண்டுபோய்க் கொடுத்தாராம். "அவர் வாங்கிப் படிச்சுப் பாத்தாருங்கய்யா" என்றார். அடுத்து வரும் கணினியை அழிப்பதற்கு முன் அவர் அந்தத் தாளை ஒருமுறை எடுத்துப் பார்ப்பாரானால், நாம் திண்ணையில் கழித்த மூன்று மாலைகளும் வீண்போகவில்லை என்றே கொள்வோம்.