பெயர் வைக்க ஏன் இந்த அவசரம்?

குளிர்காலம் வந்துவிட்டால் ஹைதராபாத்தின் ஏரிக்கரைகளில் காமிராவும் கையுமாகப் பறவை பார்க்க வருவோரைக் காணலாம். நல்ல பழக்கம்தான். நிஜாம் காலத்தில், 1931-32ல், ஸாலிம் அலி வந்து பறவைக் கணக்கெடுத்த சமஸ்தானம் அல்லவா இது! ஆனால், புதரில் சிறு குருவி ஒன்று அசைந்த மாத்திரத்தில் அதற்கு அபூர்வமான பெயரைச் சூட்டி, கைபேசி மூலம் ஊருக்கெல்லாம் அறிவித்துவிடும் அவசரம் நல்லதல்ல.

ருஷ்யா, சைபீரியா பக்கமிருந்து வலசை வரும் பிளித் நாணல் கதிர்க்குருவி இங்கே சாதாரணம். ஐந்து அங்குல உடல், மங்கிய பழுப்பு நிறம், புள்ளியில்லை, வரியில்லை. நாக்கைத் தட்டினாற்போல் ‘செக், செக்’ என்று புதருக்குள்ளிருந்து குரல் வரும்; ஆள் வெளியே வராது. இதே சாயலில் வேறு இனங்களும் உண்டு. அலகு, சிறகு, கண்ணுக்கு மேலுள்ள வெளிர்க்கோடு ஆகியவற்றைக் கொண்டுதான் பிரித்தறிய வேண்டும்.

1867ல் சட்லெஜ் பள்ளத்தாக்கில் ஏ.ஓ. ஹியூம் (பின்னாளில் காங்கிரஸ் தோன்றக் காரணமாயிருந்த அதே வெள்ளைக்காரர்தான்) பெரிய அலகுள்ள நாணல் கதிர்க்குருவி ஒன்றைச் சேகரித்தார். அப்புறம் அதைக் கண்டவரில்லை. தனி இனம்தானா என்றே பலருக்குச் சந்தேகம். 2006 மார்ச்சில் தாய்லாந்தில் பிலிப் ரவுண்ட் என்பவரின் வலையில் ஒரு குருவி சிக்கியது. வழக்கமான பெயரை எழுதிவிட்டு அவர் அதைப் பறக்கவிட்டிருக்கலாம். ஆனால் அலகு நீளம், சிறகு குட்டை, கணக்கு ஒத்துவரவில்லை. படமெடுத்து, இறகு மாதிரி எடுத்துக்கொண்டுதான் விடுவித்தார். மரபணுச் சோதனையில் அது ஹியூமின் குருவி இனமே என்று நிரூபணமாயிற்று. அதற்குப் பிறகு இங்கிலாந்து மியூசியத்தில் தேடியபோது, 1869ல் இந்தியாவில் சேகரித்த இன்னொன்று பிளித் குருவிகளின் இழுப்பறையில் தவறான சீட்டோடு கிடந்தது. ஃபைல் மாறிக் கிடந்தால் என்ன பாடு என்பது குமாஸ்தாக்களுக்குத் தெரியும். இது 130 ஆண்டுகளுக்கு மேல் மாறிக் கிடந்த ஃபைல்!

ஆக்கிரமிப்பிலிருந்து ஓர் ஏரியைக் காக்க மனுப்போடும்போது பறவைப் பட்டியலும் ஒரு சாட்சி. அதில் பொய்ப்பெயர் ஒன்று இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம்.

படிப்போ விலையுயர்ந்த காமிராவோ இல்லாதவர்களுக்கும் இதில் இடமுண்டு. பாக்கெட் நோட்டில் தேதி, நேரம், இடம், கண்ட அடையாளம், கேட்ட குரல் எல்லாவற்றையும் அங்கேயே குறிக்க வேண்டும். புத்தகத்தைப் புரட்டுவது அதற்குப் பிறகு. எதிலும் பொருந்தாவிட்டால் ‘இனம் தெரியவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திடலாம்.