அளவு நாடா போதாது, அனுமதி வரைபடமும் வேண்டும்

பழைய வீடு ஒன்றை வாங்கக் கடன் கேட்டால், வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்புகிறது. அவர் டேப் பிடித்து அளக்கிறார், நான்கு பக்கமும் படம் எடுக்கிறார், அந்தத் தெருவில் சதுர அடி என்ன விலை போகிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புகிறார். தரைத்தளத்துக்கு மட்டும் பிளான் அப்ரூவல் வாங்கிய வீட்டின் மேல் பின்னாளில் ஒரு மாடி எழும்பியிருக்கும். போர்டிகோவை அடைத்து அறையாக்கியிருப்பார்கள். பக்கவாட்டில் விட வேண்டிய காலியிடத்தில் படிக்கட்டு ஏறியிருக்கும். அறிக்கையில் இவை அனைத்தும் 'கட்டடப் பரப்பு' என்ற ஒரே எண்ணில் கரைந்து விலையாகிவிடுவது இங்கே சர்வசாதாரணம்.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2006 நவம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கட்டி முடிந்த வீட்டுக்குக் கடன் தருமுன், அது அனுமதி வரைபடப்படி இருப்பதாக வங்கி நியமிக்கும் கட்டடக் கலைஞர் சான்றளிக்க வேண்டும் என்றது அது. மீரட் சாஸ்திரி நகர் வழக்கில் 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் கறாராகப் பேசியது: பணி நிறைவுச் சான்றிதழைச் சரிபார்த்த பிறகே கட்டடத்தின் பேரில் வங்கிகள் கடன் தர வேண்டும்.

ஆனால், தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் சிறு குடியிருப்புகளுக்கு அந்தச் சான்றிதழிலிருந்தே விலக்கு உண்டு. அப்படியானால் நம் தெருக்களில் உள்ள பெரும்பாலான தனி வீடுகளில், வரைபடத்தையும் வீட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வாய்ப்பு மதிப்பீட்டாளர் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது. அவரும் பார்க்காவிட்டால் யாரும் பார்க்கவில்லை என்றே பொருள்.

ஒரு கணக்கு போடுவோம். மனையும் அனுமதி பெற்ற தரைத்தளமும் 45 லட்சம், அனுமதியில்லாத மாடி 20 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கியின் உச்ச வரம்பு மதிப்பில் 80 சதவீதம். மாடியைச் சேர்த்தால் 52 லட்சம் வரை கடன் கிடைக்கும். சேர்க்காவிட்டால் 36 லட்சம். இடையிலுள்ள 16 லட்சத்துக்கு ஈடாக நிற்பது, இடிக்கச் சொன்னால் இடிக்க வேண்டிய சுவர்கள். விற்றவர் பணத்தோடு போய்விடுவார். நோட்டீஸ் வாங்கி, இல்லாத மாடிக்கும் மாதத் தவணை கட்டப்போகிறவர் வாங்கியவர்தான்.

"சொத்துவரி கட்டுகிறோம், கரண்ட் கனெக்ஷன் இருக்கிறது, பிறகென்ன?" என்பது விற்பவர்களின் வழக்கமான பதில். வரி ரசீது வரி கட்டியதற்கு மட்டுமே அத்தாட்சி. கட்டட அனுமதி ஆகாது. 'எப்படியும் வரன்முறை செய்துவிடுவார்கள்' என்ற தரகர் வாக்கையும் நம்ப வேண்டாம். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவு, 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு மட்டுமே அந்தக் கதவைத் திறந்தது. பணம் ஒருபுறமிருக்க, தரைத்தளத்துக்கென்று போட்ட அஸ்திவாரம் மேல்மாடியின் எடையைத் தாங்குமா என்று எந்தப் பொறியாளரும் பார்க்காத வீட்டில்தான் பிள்ளைகள் உறங்குகிறார்கள்.

இப்படிக் கறாராகப் பார்த்தால் பாதி ஊருக்குக் கடன் கிடைக்காது என்பார்கள். நாம் கடனை மறுக்கச் சொல்லவில்லை. பிரித்து எழுதச் சொல்கிறோம். வெள்ளையடிப்பதையும் டைல்ஸ் மாற்றுவதையும் யாரும் கேட்கப்போவதில்லை. அறை, மாடி, அகற்றப்பட்ட சுமைதாங்கிச் சுவர் ஆகியவைதான் கேள்வி. அனுமதித்த பரப்பு இவ்வளவு, தரையில் இருப்பது இவ்வளவு என்று அறிக்கையில் தனித்தனிக் கட்டங்கள் இருக்கட்டும். முதலாவதற்கு மட்டும் விலை போடட்டும்.

அனுமதிக்காக அலைய முடியாமல் கட்டியவர்களும் உண்டு. அந்தக் குறை நியாயமானது. 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோருக்கு 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. அதே எளிமை, இருக்கும் வீட்டில் மாடி எடுப்பவருக்கும் தடையின்றிக் கிடைப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும். உள்ளாட்சிகள் பழைய அனுமதி வரைபடங்களைக் கதவு எண் கொடுத்தால் இணையத்தில் பார்க்கும்படி வைக்க வேண்டும். வரைபடம் கிடைக்காத மதிப்பீட்டாளரைக் குறைசொல்லிப் பயனில்லை.

மதிப்பீட்டுக் கட்டணம் பெரும்பாலும் கடன் கேட்பவர் தலையில்தான் விழுகிறது. அறிக்கையோ வங்கியின் கோப்பில் தங்கிவிடுகிறது. அதன் நகலைப் பத்திரப் பதிவுக்கு முன்பே அவர் கையில் கொடுக்கும்படி ரிசர்வ் வங்கி உத்தரவிட வேண்டும்.