பின் சேர்ந்தால் போதுமா?

எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்குக் கம்பெனி சார்ஜர்தான் போடணுமா, வெளியில் விற்கிற சார்ஜர், அடாப்டர் எல்லாம் போடலாமா? எங்க ஊர்ப் பக்கம் டீக்கடையில்கூட இப்போ இந்தப் பேச்சுதான். ஒரு கோஷ்டி "கம்பெனிக்காரன் கொள்ளையடிக்கிறான், இங்க அதே பின்னு, அதே வோல்ட்டு, பாதி விலை" என்கிறது. இன்னொரு கோஷ்டி "வெளி சார்ஜர் போட்டா வண்டி வெடிச்சிடும்" என்கிறது. ரெண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் உண்மை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும், பயந்து ஓடிவிடாதீர்கள் :-)

முதலில் ஊர்ப் பெருமை. சாமல்பட்டி ஸ்டேஷனில் இறங்கி போச்சம்பள்ளிப் பக்கம் போனால் ஓலாவின் ஸ்கூட்டர் ஆலை. 2020 டிசம்பரில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டு, அடுத்த வருடமே வண்டி தயாரிக்க ஆரம்பித்தார்கள். கிருஷ்ணகிரியைத் தாண்டி சூளகிரி போனால் 2023 ஜனவரியில் திறந்த சிம்பிள் எனர்ஜி ஆலை. ஓசூரில் ஏத்தர். அதே ஓசூரில் ஐக்யூப் செய்யும் டிவிஎஸ். எல்லாம் ஒரே மாவட்டம். ஆனால் ஏத்தர் வந்தது தனக்கென்று ஒரு சாக்கெட்டோடு. ஓலா வந்தது வேறொரு சாக்கெட்டோடு. ஒரே மாவட்டத்தில் பிறந்த இரண்டு வண்டிகள், ஒன்றின் ஃபாஸ்ட் சார்ஜரை இன்னொன்று பயன்படுத்த முடியாது என்ற நிலையில்தான் ரோட்டுக்கு வந்தன.

அடாப்டர் வியாபாரம் பிறப்பது இந்த இடைவெளியில்தான். எதுவும் எதோடும் சேராத ஊரில், சேர்த்து வைப்பவனுக்குக் கிராக்கி இருக்கத்தானே செய்யும்? அவனை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

கம்பெனி சார்ஜர் விலை பற்றிய கோபத்திலும் நியாயம் உண்டு. ஃபேம்-2 மானியம் இருந்தபோது, அதை வாங்க வண்டியின் ஆலை விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. சில கம்பெனிகள் சார்ஜருக்குத் தனி பில் போட்டன. மத்திய அரசு கேள்வி கேட்ட பிறகு, 2023 மே மாதம் அந்தப் பணத்தைத் திருப்பித் தர ஒத்துக்கொண்டார்கள். அப்போது செய்திகளில் வந்த தொகை, ஏத்தர் சுமார் 140 கோடி, ஓலா சுமார் 130 கோடி, டிவிஎஸ் 15 கோடிக்கு மேல், ஹீரோவின் விடா 2 கோடிக்கு மேல். சார்ஜர் இல்லாமல் ஓடாத வண்டிக்கு சார்ஜரை 'எக்ஸ்ட்ரா' என்று விற்றால், வாங்குகிறவனும் 'எக்ஸ்ட்ரா தானே, வெளியில் வாங்கிக்கலாம்' என்றுதான் நினைப்பான். அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்ததில் கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு.

சரி, இனி எதிர்க்கட்சி. "அதே பின்னு, அதே வோல்ட்டு" என்கிறார்களே, அது உண்மையா?

லைசென்ஸ் தேவைப்படாத, 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடும் சின்ன ஸ்கூட்டர்களை எடுத்துக்கொள்வோம். கடையில் கேட்டால் "48 வோல்ட் வண்டி, 48 வோல்ட் சார்ஜர், போட்டுக்கோ தம்பி" என்பார்கள். ஆனால் 48 வோல்ட் என்பது பேட்டரியின் பெயர் மாதிரி. முழு சார்ஜில் அது எத்தனை வோல்ட் என்பதுதான் விஷயம். 13 செல் வரிசையில் இருக்கும் சாதாரண லித்தியம் பேட்டரி 54.6 வோல்ட்டில் நிறைந்துவிடும். 16 செல் கொண்ட லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு 58.4. நாலு லெட் ஆசிட் பேட்டரி சேர்ந்த செட்டுக்கு சார்ஜர் 58.8 வரைக்கும் தரும். மூன்றையும் 48 என்றே விற்கலாம், பின்னும் ஒரே மாதிரி இருக்கலாம்.

இப்போது லெட் ஆசிட் சார்ஜரை 13 செல் லித்தியம் வண்டியில் சொருகுங்கள். 58.8 வகுத்தல் 13, ஒரு செல்லுக்கு 4.5 வோல்ட்டுக்கு மேல். அந்த செல்லின் எல்லை 4.2. இடையில் நிற்பது பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் போர்டு ஒன்றுதான். அது நன்றாக இருந்தால் சார்ஜை வெட்டிவிடும், ஒன்றும் ஆகாது. அதனால்தான் "நான் ஒரு வருஷமா போடறேன், ஒண்ணும் ஆகலையே" என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தினமும் ராத்திரி கடைசிக் காவல்காரனை முதல் காவல்காரன் வேலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, யாரும் அடாப்டர் என்றே நினைக்காத ஒரு சாமான். பதினைந்து ஆம்ப்ஸ் பெரிய பின்னை ஐந்து ஆம்ப்ஸ் சின்ன ஓட்டையில் சொருக உதவும் கன்வெர்ட்டர் பிளக். சிப்காட்டுக்கு ஷிஃப்ட் வேலைக்கு வந்து வாடகை ரூமில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு சின்ன பிளக் பாயின்ட்தான் இருக்கும். பவர் பிளக் வேண்டும் என்று ஹவுஸ் ஓனரிடம் கேட்டால் வாடகை ஏறும். அதனால் கன்வெர்ட்டர்.

கணக்கு இதோ. 750 வாட்ஸ் சார்ஜர் 230 வோல்ட்டில் இழுப்பது சுமார் 3.3 ஆம்ப்ஸ். கன்வெர்ட்டரில் பின் லூசாகி 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அங்கே வரும் சூடு ஒரு வாட் சொச்சம். தொட்டால்கூடத் தெரியாது. அதே கன்வெர்ட்டரில் காரின் 3.3 கிலோவாட் போர்ட்டபிள் சார்ஜரை மாட்டினால் 14.3 ஆம்ப்ஸ். கரன்ட் நாலு மடங்கு சொச்சம் ஏறியது. சூடு கரன்ட்டின் வர்க்கத்தில் ஏறும் என்று பிளஸ் டூவில் படித்தோமே, அதன்படி சுமார் 20 வாட். நாம் லேபில் பிடிக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து ராத்திரி முழுக்க விட்டுவிட்டுத் தூங்குவோமா? சூட்டில் பின் இன்னும் லூசாகும், தடை ஏறும், சூடும் ஏறும். எர்த் பின் இல்லாத ரெண்டு பின் கன்வெர்ட்டராக இருந்தால் ஷாக் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் ராத்திரி சார்ஜ் போட்டிருந்த ஒரு ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் ஓர் அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அதை நான் வெளி அடாப்டர் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த வருடம் பல ஊர்களில் கம்பெனி பேட்டரிகளே எரிந்தன. நான் சொல்ல வருவது வேறு. வண்டி சார்ஜ் ஆகும் நேரமும் வீடு தூங்கும் நேரமும் ஒன்று. தப்பு நடந்தால் பார்க்க ஆள் முழித்திருக்க மாட்டான்.

அந்தத் தீ விபத்துகளுக்குப் பிறகுதான் ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்பு விதியைத் திருத்தி, 2022 டிசம்பர் முதல் கட்டம் கட்டமாகக் கொண்டுவந்தார்கள். அதில் சார்ஜருக்கும் நிபந்தனைகள் உண்டு. பேட்டரி நிறைந்ததும் வோல்டேஜை வெட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் மெதுவாக ஆரம்பிக்க வேண்டும். அடியோடு காலியான பேட்டரியைக் கண்டுபிடிக்க வேண்டும். எர்த் கசிவைக் கவனிக்க வேண்டும். அதாவது, சார்ஜர் வெறும் வயர் இல்லை, பேட்டரியோடு சேர்ந்து யோசிக்கும் ஒரு பாகம் என்று அரசே ஒத்துக்கொண்டுவிட்டது. ஆனால் பெயரில்லாத டப்பாவில் வரும் சார்ஜர் இதையெல்லாம் செய்கிறதா என்று வாங்குகிறவன் எப்படிப் பார்ப்பான்?

"அப்போ கம்பெனி அடாப்டர்னா கெட்டே போகாதா?" என்று கேட்பீர்கள். போகும். அமெரிக்காவில் ஃபோர்டு கார்கள் டெஸ்லாவின் சார்ஜரைப் பயன்படுத்தும் என்று 2023 மே மாதம் அறிவித்தார்கள். 2024-ல் ஃபோர்டே தன் வாடிக்கையாளர்களுக்கு அடாப்டர் கொடுத்தது. அதே வருடம் அக்டோபரில், சில அடாப்டர்களால் சார்ஜ் வேகம் குறையலாம், காரின் சாக்கெட்டும் கெடலாம் என்று தெரிந்ததும், பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்லி, இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னார்கள்.

என் வாதம் முழுக்க இந்த உதாரணத்தில் இருக்கிறது. நல்ல சார்ஜர் என்பது கெட்டே போகாத சார்ஜர் இல்லை. கெட்டுப்போகும் என்று தெரிந்தால் நம்மைக் கூப்பிட்டுச் சொல்ல ஒரு ஆள் இருக்கும் சார்ஜர். ஆகவே 'கம்பெனியா வெளியா' என்ற கேள்வியே தப்பு. சீரியல் நம்பர், பில், முகவரி, தரச் சான்று, இந்த வண்டிக்கு இது பொருந்தும் என்று எழுத்தில் ஒரு வரி, இவ்வளவும் தரும் வெளிக் கம்பெனியை நான் நம்புவேன். பில் கேட்டால் சிரிக்கிற கடையை நம்ப மாட்டேன்.

இதற்கு நிரந்தரத் தீர்வு பொதுப் பின்தான். முடியாத காரியமும் இல்லை. ஏத்தர் தன் கனெக்டர் வடிவமைப்பை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தலாம் என்று 2021-ல் அறிவித்தது. 2022-ல் வந்த ஹீரோ விடா அதே கனெக்டரை எடுத்துக்கொண்டது. 2023 அக்டோபரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதை ஐ.எஸ். 17017 வரிசையில் ஒரு தரநிலையாகவே வெளியிட்டது. ஆனால் எல்லோரும் இதைத்தான் போட வேண்டும் என்று கட்டாயம் செய்யவில்லை. போனுக்கு என்ன நடந்தது? 2024 டிசம்பர் 28 முதல் யூஎஸ்பி-சி கட்டாயம் என்று ஐரோப்பாவில் சட்டம் போட்டார்கள், பிடிவாதமாக இருந்த ஆப்பிள் 2023-லேயே ஐபோன் 15-ல் மாறிக்கொண்டது. கெஞ்சிப் பார்த்துக் காத்திருந்தால் இன்னும் ரெண்டு கேபிள் வைத்துக்கொண்டு அலைந்துகொண்டிருப்போம்.

மானியம் கொடுக்கும்போது சார்ஜர் விலையை எண்ணிக் கணக்குப் பார்த்த அரசு, பின் ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை போடலாம். இத்தனை கம்பெனிகளை ஒரே மாவட்டத்தில் வைத்திருக்கும் தமிழக அரசு அதை முதலில் கேட்டால் இன்னும் அழகு. அதுவரை அடாப்டர்காரர்கள் இருப்பார்கள், நாமும் வாங்குவோம். பின் சேருதா என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

பி.கு: சார்ஜர் வாங்கும்போது அதன் மேல் 'அவுட்புட்' என்று போட்டிருக்கும் வோல்ட், ஆம்ப்ஸ் இரண்டையும் பழைய சார்ஜரோடு ஒப்பிடுங்கள். வோல்ட் புள்ளி பிசகாமல் ஒத்துப்போக வேண்டும், ஆம்ப்ஸ் பழையதைவிடக் கூடக் கூடாது. சார்ஜ் போட்டு அரை மணி நேரம் கழித்து ஸ்விட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அந்த பாயின்ட்டில் மறுபடி போடாதீர்கள், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீட்டை விட்டு வெளியே போகும் வாசல்படியை மறித்து வண்டியை நிறுத்தி சார்ஜ் போடவே போடாதீர்கள்.