கை படாத வைத்தியம்

சாரல் விழுந்துவிட்டால் குற்றாலத்தில் எல்லோருமே வைத்தியர்கள். மூலிகை பட்டு வருகிற தண்ணி, தலையில் விழுந்தால் தீராத நோயும் தீருமாம். அந்தத் தண்ணியோடு எனக்குச் சண்டை இல்லை. அது கொட்டும்போது தெருவைக் கேட்பதில்லை. அருவியை விட்டு இறங்கித் தென்காசிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சீட்டு எடுத்து உட்காருங்கள், கேட்பார்கள்.

எங்க அம்மாவுக்கு இளைப்பு. ஒருநாள் நடவுக் கூலியை விட்டுவிட்டு வந்தாள். (எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். ஒன்றுதானா இருக்கிறது?) எங்களுக்கு முன்னால் போனவர் ஊருக்குள்ளிருந்து வந்தவர். அவர் நெஞ்சில், முதுகில் குழலை வைத்து, மூச்சை இழுத்துவிடச் சொல்லிக் கேட்டார் டாக்டர். அடுத்து அம்மா. "ஊருக்குள்ளயா, காலனியா?" காலனி என்றாள். பேனாவை எடுத்துவிட்டார். குழல் அவர் கழுத்திலேயே கிடந்தது.

வெளியே வந்து அம்மா கேட்டாள்: "எய்யா, கையப் புடிச்சிக்கூடப் பாக்கலியே. என்ன சீக்குன்னு அவருக்கு எப்பிடித் தெரிஞ்சுது?" எம்.ஏ. தமிழ் படித்தவனிடம் பதில் இல்லை.

முற்போக்குத் தோழர் ஒருவரிடம் சொன்னேன். கூட்டம் ஜாஸ்தி, டாக்டர் குறைவு, இது வர்க்கப் பிரச்சினை என்றார். கூட்டம் நிஜம்தான். அதே கூட்டத்தில், இரண்டு நிமிஷத்துக்கு முன்னால், குழலுக்கு நேரம் இருந்ததே தோழர்?

1929-இல் 'யங் இந்தியா'வில் வந்த ஒரு கடிதத்தை அம்பேத்கர் தம் குறிப்புகளில் எடுத்துச் சொல்கிறார். கத்தியவாரில் ஒரு தலித் ஆசிரியர். மனைவி பிள்ளை பெற்று நோயில் கிடக்கிறார். டாக்டர் சேரிக்குள் வரமாட்டார். இரண்டு ரூபாய் ஃபீஸுக்கு ஜாமீன் கிடைத்த பிறகு வெளியே வந்து நிற்கிறார். பச்சைப்பிள்ளையோடு சீக்காளி அங்கே போகவேண்டும். தெர்மாமீட்டர் டாக்டரிடமிருந்து ஒரு முஸ்லிம் கைக்கு, அங்கிருந்து கணவர் கைக்கு, பிறகு மனைவிக்கு. திரும்பியதும் அதே வழி. நிமோனியா என்றார். அந்தப் பெண் செத்துப்போனார்.

அந்தத் தெர்மாமீட்டராவது சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. எங்க அம்மாவுக்கு அந்த மூன்றாவது கையும் இல்லை.

பழங்கதை என்பீர்கள். 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006-இல் வந்த நூல், மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்கு வர மறுத்ததாகச் சொன்னது. 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். நல்ல காரியம். வீட்டுக்குள் வந்து கையைப் பிடித்துப் பிரஷர் பார்க்கிறார்களா, வாசலில் நின்று மாத்திரையை நீட்டுகிறார்களா என்று எண்ணுவது யார்?

சட்டம் இருக்கிறது. தீண்டாமையால் ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுப்பது 1955-இலிருந்தே குற்றம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழையவிடாமல் தடுப்பது, 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமை. வாசற்படி வரைக்கும் சட்டம் கூட வருகிறது. டாக்டருக்கும் அம்மாவுக்கும் நடுவில் கிடக்கிற மேஜையைத் தாண்டவில்லை. குழலை வைக்கவில்லை என்று எந்த ஸ்டேஷனில் எழுதிக்கொடுப்பது?

ஓ.பி. சீட்டில் மருந்தை மட்டும் எழுதினால் போதாது. நாடி பார்த்ததா, நெஞ்சைக் கேட்டதா, பிரஷர் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போடச்சொல்லிக் கேட்போம். மாணவர்கள் காலனி காலனியாகப் போய்ச் சீட்டுகளைச் சேருங்கள். ஊர்ச் சீட்டுகளையும் சேருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து எண்ணிவிடலாம்.

அம்மா இப்போது ஓ.பி.க்கு வருவதில்லை. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் அதே மாத்திரையை வாங்கிக்கொள்கிறாள். கூலியாவது மிஞ்சுதே என்கிறாள்.