காவலருக்கும் ஒரு வீடு உண்டு



சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு, மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்குப் பின்புறச் சந்தில், நம் ஊர்க்காரர் வீடொன்றில் பெருங்கூச்சல் எழுந்தது. குடித்துவிட்டு வந்த கணவனும் மனைவியின் தம்பியும் கைகலந்தார்கள். விலக்கப் போனவர்களால் இயலவில்லை. 112-ஐ அழைத்தவன் நானே. "சண்டை நடக்கிறது, சீக்கிரம் வாருங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

ஜீப் சந்துக்குள் நுழையாது. இரண்டு காவலர்கள் கைவிளக்குடன் நடந்து வந்தார்கள். மூத்தவர் வாசலில் கால் வைத்தபோது, கதவுக்குப் பின்னால் நின்றவனின் கை அரிவாளின்மேல் இருந்தது. நல்லவேளையாக விளக்கொளியில் அது தெரிந்துவிட்டது. எல்லாம் அடங்கிய பின் அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "உள்ளே அரிவாள் இருப்பது உங்களுக்குத் தெரியுமா?" எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லத் தோன்றவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

பிரியமானவர்களே, காவலரைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். அவருக்கும் ஆபத்து உண்டு என்று எண்ணுவதில்லை. காவலர் கொலை என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவு வருவது களியக்காவிளை. 2020 ஜனவரி 8 இரவு, அங்குள்ள சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 57. குற்றஞ்சாட்டப்பட்ட இருவர் சில நாட்களில் உடுப்பியில் பிடிபட்டனர். துப்பாக்கி எங்கே கிடைத்தது? நாம் ஊருக்குப் பேருந்து ஏறும் எறணாகுளம் கே.எஸ்.ஆர்.டி.சி. நிலையத்தருகே, ஓடையில். அந்தச் சாவடியைக் கடக்கும்போதெல்லாம் அவரை நினைக்கிறேன்.

அது திட்டமிட்ட கொலை. ஆனால் வேறு பல காவலர்கள் உயிரிழந்தது அற்பக் காரணங்களுக்காக. 2021 பிப்ரவரியில் தூத்துக்குடி மாவட்டம் ஏரலில், குடிபோதையில் இருந்தவரைக் கண்டித்த உதவி ஆய்வாளர் பாலு, அவர் ஓட்டிவந்த சரக்கு வண்டி மோதிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நவம்பர் 21 அதிகாலையில், திருச்சி நவல்பட்டுக் காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், ஆடு திருடியவர்களை இருசக்கர வாகனத்தில் தனியே துரத்திச் சென்று, கீரனூர் அருகே பிடித்து நிறுத்தினார். உதவி வந்து சேருமுன் வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர்கள் 19 வயது இளைஞன் ஒருவனும் இரு சிறுவர்களும்!

நாம் பிழைக்கும் கேரளத்திலும் இதே துயரம் உண்டு. 2025 பிப்ரவரியில், ஏற்றுமானூர் அருகே தட்டுக்கடையில் நடந்த தகராறைத் தடுக்க முயன்ற காவலர் ஷ்யாம் பிரசாத் மிதிபட்டு இறந்தார். பணி முடிந்து வீடு திரும்பும் வழியில் நடந்தது இது. அவ்வாண்டு ஆகஸ்டில் உடுமலைப்பேட்டைப் பக்கம் குடிமங்கலத்தில், தந்தைக்கும் மகன்களுக்கும் இடையே குடியால் எழுந்த சண்டையை விலக்கச் சென்ற சிறப்பு உதவி ஆய்வாளர் சண்முகவேல் வெட்டுண்டு இறந்தார்.

குடி, ஆட்டுத் திருட்டு, தட்டுக்கடைத் தகராறு, தகப்பன் பிள்ளை சண்டை. இவை எல்லாம் நாம் வாழும் தெருக்களில் நடப்பவை அல்லவா? இருட்டில், ஒருவரோ இருவரோ வருகிறார்கள். யார் குடித்திருக்கிறார், யார் கையில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. "சின்னச் சண்டைதானே" என்ற எண்ணமே ஆபத்தாகிவிடுகிறது.

காவலர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று நான் சொல்லவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. காவலர் தவறு செய்தால் மேலதிகாரியிடமும், கேரளத்திலுள்ள காவல்துறைப் புகார் ஆணையத்திடமும், நீதிமன்றத்திடமும் முறையிடலாம். கையை ஓங்குவது வழியல்ல. பணியைத் தடுக்கும்படி அரசு ஊழியருக்குக் காயம் விளைவித்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 121ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரையும், கொடுங்காயமானால் 10 ஆண்டு வரையும் சிறைத்தண்டனை உண்டு. பழியோ ஒருவரோடு நிற்காது. 2021 கிறிஸ்துமஸ் இரவில், நம் எறணாகுளம் மாவட்டத்துக் கிழக்கம்பலத்தில் வடமாநிலத் தொழிலாளர் சிலர் காவலரைத் தாக்கி ஜீப்பை எரித்தனர். 170-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பிழைக்க வந்த எல்லார்மேலும் சந்தேகப் பார்வை விழுந்தது.

ஆகையால் சில காரியங்களைக் குடும்பமாய்க் கைக்கொள்ளுவோம். 112-ஐ அழைக்கும்போது இடத்தையும் அருகிலுள்ள அடையாளத்தையும் தெளிவாகச் சொல்லுங்கள். எத்தனை பேர், குடித்திருக்கிறார்களா, அரிவாளோ கத்தியோ மூட்டை தூக்கும் கொக்கியோ இருக்கிறதா, வீட்டில் பிள்ளைகள் உண்டா என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஒருவர் சந்து முனையில் நின்று வழிகாட்டட்டும். காவலர் வந்ததும் எல்லாரும் சூழ்ந்து தமிழில் சத்தமிடாமல், மலையாளம் நன்கு தெரிந்த ஒருவர் பேசட்டும். "என் பிள்ளையை விடுங்கள்" என்று காவலரின் கையைப் பிடிக்காதிருங்கள். அந்த ஒரு நொடி போதும், அவர் உயிர் போவதற்கு. வாகனச் சோதனையில் கை காட்டினால் நில்லுங்கள் என்று நம் வாலிபருக்குச் சொல்லிக் கொடுங்கள்.

எருசலேமில் ஜனங்கள் பவுலைக் கொல்ல எத்தனித்தபோது, கூட்டத்தின் நடுவே புகுந்து அவரை மீட்டவர்கள் போர்ச்சேவகரே. அதை எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். அந்தச் சேவகரின் உயிரைப்பற்றி எண்ணியதுண்டா?

1959-இல் லடாக்கில் உயிர்நீத்த 10 காவலரின் நினைவாக, அக்டோபர் 21 நாடெங்கும் காவலர் வீரவணக்க நாளாக அனுசரிக்கப்படுகிறது. அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்றிரவு குடும்ப ஜெபத்தில், ரோந்து செல்லும் காவலரையும், அவர் வருகைக்காக விழித்திருக்கும் மனைவி பிள்ளைகளையும் நினைவுகூருவோம். ஜெபித்ததோடு நிற்காமல், சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லவும் கற்றுக்கொள்ளுவோம். நான் தாமதமாய்க் கற்ற பாடம் அதுவே.